இருக்கையும் நிற்கையும்



என் தந்தையாருக்குக் கால்கள் பழுதாயின; தாயாருக்கு இடுப்பு பழுதாயிற்று. இருவரும் ஒரே தோட்டத்தில், ஒரே கொட்டகையின் இரு முனைகளில், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர்கள். தந்தையார் நின்றுகொண்டே உழைத்தார். தாயார் அமர்ந்துகொண்டே உழைத்தார். கண்ணெதிரே இருந்த இந்தச் செய்தியின் பொருள் எனக்கு விளங்க, நானே ஐம்பது வயதை நெருங்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவன் கற்பித்த பிறகுதான் முழுமையாக விளங்கிற்று.

பாகான் நக்கோடா ஓமார் வட்டாரத்தை அறியாதவர்களுக்காக ஒரு சொல். கோலசிலாங்கூரிலிருந்து கூட்டரசுச் சாலை 5 வழியாக வடக்கே வந்தால், தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்கள், சுங்கை பெசார் ஆகியவற்றைக் கடந்து, சபாக் பெர்ணம் பக்கம் கடலோரமாக ஒதுங்கியிருக்கும் சிற்றூர் இது. ‘பாகான்’ என்றால் படகுத்துறை. ‘நக்கோடா’ என்றால் கப்பல் தலைவன். ஒரு புறம் மீன்பிடிப் படகுகளும் சேற்றுக் கரையும். மறுபுறம் தென்னையும் செம்பனையும். என் பெற்றோர் உழைத்தது இந்த வட்டாரத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில்.

தேங்காய் உரிப்பது அன்று ஆண்களின் வேலை. கூர்முனை கொண்ட இரும்புப் பாரையை நிலத்தில் ஊன்றி வைத்திருப்பார்கள். தேங்காயை இரு கைகளாலும் தூக்கி அதன்மேல் குத்தி, உடலின் எடையைக் கொடுத்துத் திருகினால் மட்டை பிளக்கும். இவ்வேலையை உட்கார்ந்து செய்ய இயலாது. உரித்த தேங்காயை இரண்டாக உடைத்து, உலர்த்தும் கொட்டகையில் வாட்டிய பிறகு, சிரட்டையிலிருந்து பருப்பைத் தோண்டி எடுப்பது பெண்களின் வேலை. தாழ்ந்த பலகையில் குந்தி, முதுகை வளைத்து, மடியருகே குவியலை வைத்துக்கொண்டு காலை முதல் பிற்பகல் வரை தோண்டுவார்கள். எண்ணிக்கைக்கும் எடைக்கும் கூலி. ஆதலால் எழுந்து நடந்தால் கூலி குறையும். நின்றவர் உட்கார்ந்தாலும் கூலி குறையும்.

மாலையில் வீடு திரும்பியதும் தந்தையார் முதலில் தேடுவது நாற்காலியை. தாயார் முதலில் செய்வது, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது. தந்தையாரின் கெண்டைக்காலில் நீல நாளங்கள் கயிறு போலப் புடைத்துச் சுருண்டிருக்கும். அவற்றை எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது என் வேலை. அப்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றே: “நீயாவது நாற்காலியில ஒக்காந்து பொழைக்கணும்யா.” கல்வியின் பயன் யாதென்று அவரிடம் யாரேனும் கேட்டிருந்தால், “மகனுக்கு ஒரு நாற்காலி” என்றுதான் மறுமொழி கூறியிருப்பார்.

அவர் விரும்பியவாறே நான் ஆசிரியனானேன். ஆயினும் ஆசிரியர் பணி இரண்டும் கலந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். பாடவேளைகளில் நிற்கிறோம். ஓய்வு வேளைகளிலும் பிற்பகலிலும் இரவிலும் உட்கார்ந்தே கிடக்கிறோம். நாள் பாடத்திட்டம், வகுப்புசார் மதிப்பீட்டுப் பதிவுகள், இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவங்கள், நாற்பது பயிற்றேடுகளின் அடுக்கு என, ஆசிரியர் அறையில் அமர்ந்தால் மூன்று மணி நேரம் எழ மனம் வராது. எழுத்துப்பிழை திருத்தும் சிவப்பு மையோடு என் முதுகும் வளைந்துகொண்டே போயிற்று. நாற்பத்தெட்டாவது வயதில், ஒரு நாள் நாற்காலியிலிருந்து எழ முயன்றபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. என் தாயார் வாசல் நிலையைப் பிடித்து நிமிர்ந்ததைப் போலவே நான் மேசையைப் பிடித்து நிமிர்ந்தேன்.

அரசாங்க மருந்தகத்து மருத்துவர் சோதித்துவிட்டு, எலும்பில் குறையில்லை என்றும் நீண்ட நேரம் ஒரே நிலையில் அமர்வதை விடவேண்டும் என்றும் அறிவுறுத்தினார். நான் அதைப் பாதி மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். “உட்காராதே” என்பதாகவே எனக்குக் கேட்டது. மறுநாளே வகுப்பறையின் பின்புறமிருந்த பழைய நூல் அலமாரியின் மேல்தட்டைத் துடைத்து, அதையே மேசையாக்கி, நின்றுகொண்டே திருத்தவும் எழுதவும் தொடங்கினேன். பாடமும் நின்றபடி, பணியும் நின்றபடி. பத்து நாள்கள் பெருமையோடு நின்றேன். பதினொன்றாம் நாள் இரவு காலுறையைக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றிலும் ஆழமாகத் தடம் பதிந்திருந்தது, கால்கள் வீங்கியிருந்தன. தந்தையாரின் கால்கள் என் கண்முன் வந்து நின்றன. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன் பிறகே இச்செய்தியைப் பற்றிப் பொறுமையாகப் படித்தேன். படித்தவற்றுள் என்னை வியக்க வைத்தது, இது புதிய செய்தியே அன்று என்பதுதான். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். அதில் நின்றே தொழில் செய்வோருக்குத் தனி அத்தியாயம். அமர்ந்தே தொழில் செய்வோருக்குத் தனி அத்தியாயம். நிற்பவருக்குக் காலில் நாளங்கள் புடைக்கின்றன. அமர்பவருக்கு முதுகு கூனுகிறது. இரு சாராரும் தத்தம் நிலையை இடையிடையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கூறும் மருந்து. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அவ்வத்தியாயங்களில் என் தந்தையாரும் தாயாரும் அடுத்தடுத்து இருந்தார்கள்.

ஏன் அவ்வாறு நேர்கிறது? காலுக்கு இறங்கிய இரத்தம் மீண்டும் இதயத்திற்கு ஏறவேண்டும். அதனை மேலே தள்ளுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசைகளே. நடக்கும்போது அத்தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன. அசையாது நிற்கும்போது அந்த இயக்கம் ஓய்ந்துவிடுகிறது. இரத்தம் நாளங்களில் தேங்கி, அவற்றின் சுவர்களை அழுத்துகிறது. அசையாது அமரும்போதும் கால் தசைகள் உறங்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, கூனி அமர்ந்தால் முதுகெலும்பின் இடைவட்டுகள் மீதும் அழுத்தம் கூடுகிறது. ஆகவே உடலுக்குப் பகை நாற்காலியும் அன்று, நிற்பதும் அன்று. அசையாமையே பகை.

1953-இல் ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் இலண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது. நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. இதைப் படித்தவர்கள் சிலர், “அப்படியானால் நிற்பதே நலம்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நடத்துநர் நிற்கவில்லை, இயங்கினார் என்பதை மறந்துவிடுகிறார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான ஆய்வு, பெரும்பாலும் நின்றே செய்யும் தொழில்களில் உள்ளோருக்கு, அமர்ந்து செய்வோரைவிட இதய நோய் ஏறத்தாழ இரு மடங்கு ஏற்பட்டதாகக் கூறுகிறது. பிரிட்டனில் 83,000 பேரின் அசைவுகளை மணிக்கட்டுக் கருவியால் அளந்து 2024-இல் வெளியான ஆய்வும், வெறுமனே நிற்பதால் இதய நோய் குறையவில்லை என்றும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும்போது புடைத்த நாளம் முதலிய இரத்த ஓட்டக் கோளாறுகள் கூடுகின்றன என்றும் உரைக்கிறது.

நின்றால் உடல் இளைக்கும் என்று நம்பி உயரமான மேசை வாங்க எண்ணும் நண்பர்களுக்கும் ஒரு கணக்கு. 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அமர்வதைவிட நிற்பதால் கூடுதலாகச் செலவாகும் ஆற்றல் நிமிடத்துக்கு 0.15 கலோரி மட்டுமே எனத் தெரியவந்தது. ஆறு மணி நேரம் நின்றால் 54 கலோரி. இடைவேளையில் சிற்றுண்டிச் சாலையில் அருந்தும் ஒரு குவளை தே தாரிக்கைக்கூட அது ஈடுகட்டாது.

பிறகு என்னதான் செய்வது? 2015-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வல்லுநர் குழு ஒன்று, மேசைப் பணியாளர்கள் வேலை நேரத்தில் முதலில் இரண்டு மணி நேரமும், பழகப் பழக நான்கு மணி நேரமும் நிற்பதிலும் மெல்ல நடப்பதிலும் கழிக்கலாம் என்றது. அதனையும் ஒரே மூச்சாகச் செய்யாமல் அமர்வதோடு மாற்றி மாற்றிச் செய்யவேண்டும் என்பது அதன் கருத்து. 2023-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் பதினொருவரைக் கொண்டு நடத்திய சிறிய சோதனையில், அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்தவர்களுக்கு உணவுக்குப் பின் ஏறும் இரத்தச் சர்க்கரை நன்கு குறைந்தது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. நம் இந்தியச் சமூகத்தில் அதன் பங்கு மிகுதி என்பதை நம் உறவினர் வீடுகளை எண்ணிப் பார்த்தாலே புரியும்.

இவற்றையெல்லாம் ஒரு மாலை என் தாயாரிடம் விரிவாகக் கூறினேன். எண்பதை நெருங்கும் அவர் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலே கூறினார்: “இதுக்கா வெள்ளைக்காரன் இத்தன வருசம் ஆராய்ச்சி பண்ணான்? கொட்டாயில நாங்க சும்மாவா தண்ணி குடிக்க எழுந்தோம்? தாகத்துக்கா எழுந்தோம்? இடுப்புக்குத்தான் எழுந்தோம். தண்டல் பார்த்தா திட்டுவாரு. அதுக்காகவே தண்ணிப் பானைய தூரமா வெச்சிருந்தோம்.” நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். பானையைத் தொலைவில் வைத்த அந்தப் பெண்கள் எந்த இதழையும் படித்தவர்கள் அல்லர். அவர்களுக்கு அறிவு இருந்தது. எழுந்து நிற்கும் உரிமைதான் இல்லை.

அந்த உரிமைக்காகவே பிற இடங்களில் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. கேரளத்தின் கோழிக்கோட்டில் துணிக்கடைகளில் பணிபுரிந்த பெண்கள், நாள் முழுதும் உட்காரவே விடாத வழக்கத்தை எதிர்த்து, ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பின் வழி ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தனர். 2018-இல் கேரளம் கடைச் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை அளிக்கவேண்டும் என விதித்தது. சென்னை ரங்கநாதன் தெருத் துணிக்கடை ஊழியர்களின் வாழ்வைக் காட்டிய ‘அங்காடித் தெரு’ திரைப்படம் 2010-இலேயே வந்துவிட்டது. சட்டம் வரப் பதினோராண்டுகள் பிடித்தன. நம் நாட்டில் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறை, நின்று பணிபுரிவதற்கு 2002-இலும் அமர்ந்து பணிபுரிவதற்கு 2003-இலும் தனித்தனி வழிகாட்டிகளை வெளியிட்டுள்ளது. ராமாசினியின் இரு அத்தியாயங்களைப் போலவே இங்கும் இரண்டு.

இனி அந்த மாணவனைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டில் அவன் ஒருவன். நாற்காலியில் ஐந்து நிமிடம் தரிக்கமாட்டான். நாற்காலியின் பின்னங்கால்களில் சாய்வான், முழந்தாளிட்டு எழுதுவான், பென்சிலைக் கீழே போட்டு, அதை எடுப்பதற்காக மேசைக்கடியில் ஒரு சுற்றுச் சுற்றி வருவான். நானும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, நம்மில் பலர் செய்வதையே செய்தேன். “உட்கார முடியாதென்றால் நில்” என்று வகுப்பின் பின்புறம் நிற்க வைத்தேன். ஒரு நாளன்று, பல நாள்கள். நிற்பது நம் பள்ளிகளில் தண்டனை. நம் தந்தையார் காலத்திலும் தண்டனை. நம் காலத்திலும் தண்டனை. நானும் பலகைமேல் நின்றவன்தான்.

அன்று கட்டுரை எழுதும் பாடவேளை. பின்புறம் நின்றவனின் பயிற்றேட்டைப் பார்க்கச் சென்றேன். நான் நின்று திருத்திய அதே அலமாரியின் கீழ்த்தட்டு அவன் முழங்கை உயரத்துக்கு இருந்தது. ஏட்டை அதன்மேல் விரித்து, ஒரு காலை மற்றொரு காலின்மேல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, எட்டு வாக்கியங்கள் எழுதியிருந்தான். நாற்காலியில் அவன் மூன்றைத் தாண்டியதில்லை. கையெழுத்தும் வரிக்குள் நின்றது. நான் தண்டனை என்று கொடுத்தது அவனுக்கு மருந்தாகப் போயிருந்தது. அதற்காக நான் மகிழ்ந்தேனே தவிர, என் தவறு அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. “இனி நீ இங்கேயே நின்று எழுது” என்றேன்.

அடுத்த வாரம் அவன் தந்தையார் பள்ளிக்கு வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். காலணியைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்று கேட்டார்: “சார், என் பையன் என்ன தப்பு பண்ணான்? தினமும் நிக்க வெக்கிறீங்களாமே. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க கேலி பண்ணுதுங்க. ராத்திரி அழுவுறான் சார்.”

அவன் அழுவதை நான் அறிந்திருக்கவில்லை. நின்றால் நன்றாக எழுதுகிறான் என்று ஏட்டைக் காட்டி வாதாடியிருக்கலாம். வாய்வரை வந்த அச்சொற்களை விழுங்கிக்கொண்டேன். நிற்பதைத் தண்டனையாக வகுப்புக்கு அறிமுகம் செய்தவன் நான். அதே இடத்தில், அதே மாணவனை நிறுத்திவிட்டு, “இது தண்டனை அன்று” என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? “தவறு அவனுடையது அன்று ஐயா, என்னுடையது” என்றேன். பிறகு அவரை அமர்த்தி, நடந்ததை முழுதும் கூறினேன். என் இடுப்பையும், தந்தையாரின் கால்களையும்கூடக் கூறினேன். அவர் நெடுநேரம் பயிற்றேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “நானும் பன்னண்டு மணி நேரம் ஸ்டேரிங்குல ஒக்காந்துதான் சார் இருக்கேன். ஆலையில வரிசையில நிக்கும்போதுகூட எறங்கறதில்ல” என்று தம் முழங்காலைத் தடவினார்.

மறுநாள் வகுப்பில் மூன்று மாற்றங்கள் செய்தேன். நின்று தண்டனை பெறுவது என் வகுப்பில் இனி இல்லை என்று அறிவித்தேன். அந்த அலமாரிப் பகுதியைத் தண்டனை இடமாக அன்றி, விரும்புவோர் எழுதும் இடமாக மாற்றினேன். நால்வர் நிற்கலாம், களைத்தவர் அமர அருகிலேயே இரண்டு முக்காலிகள். முதல் நாள் நானே அங்கு நின்று எழுதினேன். மூன்றாவதாக, ஒவ்வொரு முப்பது நிமிடப் பாடவேளை மணிக்கும் எல்லாரும் எழுந்து, வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி அமர்வது. முதல் வாரம் இரைச்சல் மிகுந்தது என்பதை மறைக்கமாட்டேன். இரண்டாம் வாரம் அந்த இடத்துக்குப் போட்டி வந்தது. முறை வைத்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. அம்மாணவன் இப்போது பாதி நேரம் அமர்ந்தும் எழுதுகிறான். எப்போது வேண்டுமானாலும் எழலாம் என்று தெரிந்த பிறகு அவனால் உட்கார முடிகிறது.

இதுவும் புதுமை அன்று. 1789 முதல் சென்னை எழும்பூர் அனாதை இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளின் மணல் எழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் ஒத்த ஒரு முறையைக் கையாண்டு, அதை இங்கிலாந்துக்கும் கொண்டுசென்றார். அங்கு எழுந்த அத்தகைய பள்ளிகளில், பிள்ளைகள் எழுதுவதற்குச் சுவரோர மேசைகளில் அமர்ந்தார்கள். வாசிப்பதற்கு நடுவே அணியாக நின்றார்கள். நம் காலத்தில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிகளில் உயர மேசையும் உயர முக்காலியும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முக்காலியை நீக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விருப்பம் பிள்ளையினுடையது.

ஆசிரிய நண்பர்களுக்கு என் பட்டறிவிலிருந்து சில சொற்கள். தனி மேசை வாங்கவேண்டிய தேவையில்லை. முழங்கை உயரத்தில் அசையாத தட்டு ஒன்று போதும். எனக்கு அது மூன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. தோளைத் தூக்கியோ, தலையைக் குனிந்தோ எழுத நேர்ந்தால் உயரம் சரியில்லை என்று பொருள். நிற்கும்போது ஒரு காலைச் சிறு பெட்டியின்மேல் வைத்து, அவ்வப்போது மாற்றிக்கொண்டால் இடுப்புக்கு இதம். பயிற்றேடு திருத்துவதை நின்றும், கணினியில் தட்டச்சு செய்வதை அமர்ந்தும் செய்கிறேன். ஒரு வகுப்பின் ஏடுகளில் பாதி முடிந்ததும் நிலையை மாற்றிவிடுகிறேன். பாடம் நடத்தி வந்த பிறகு, ஐயமின்றி உட்காருகிறேன். காலில் நாளம் புடைத்தவர்களும் கருவுற்ற ஆசிரியைகளும் மருத்துவரைக் கேட்டு நடப்பது நலம்.

பெற்றோர்களுக்கு ஒன்று. வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளை எழுந்தால், உடனே “உட்கார்” என்று அதட்டாதீர்கள். சமையலறைத் திண்டில் நின்று வாய்பாடு எழுதட்டும். கூடத்தில் நடந்து திருக்குறள் மனனம் செய்யட்டும். கைப்பேசியோடு இரண்டு மணி நேரம் அசையாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையை “எவ்வளவு அமைதி” என்று மெச்சுவதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

சென்ற வாரம் அந்த லாரி ஓட்டுநரைச் சுங்கை பெசார் சந்தையில் கண்டேன். ஆலை வரிசையில் காத்திருக்கும்போது இப்போது இறங்கி லாரியைச் சுற்றி நடப்பதாகக் கூறினார். “பையன்தான் சார் சொன்னான். மணி அடிச்சா ஒரு சுத்து சுத்தணுமாம்.”

என் தந்தையார் எனக்காக விரும்பிய நாற்காலியில் நான் அமர்ந்திருக்கிறேன். வேண்டும்போது அதிலிருந்து எழுகிறேன். அவருக்கு உட்கார வாய்க்கவில்லை. தாயாருக்கு எழ வாய்க்கவில்லை. நம் வகுப்பறைப் பிள்ளைகளுக்கு இரண்டும் வாய்க்கவேண்டும். அதைக் கொடுப்பதற்கு அமைச்சின் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை.